மலபார்க் கடலின் மேலெழும் நீரும் விலங்கு மிதவை உயிரிகளும்: அளவிடும் முறைகளின் வரலாறு (1908–1996)

ஆய்வுச் சுருக்கம்

இந்தியாவின் தென்மேற்குக் கரையில் ஆண்டுதோறும் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அடிநீர் மேலெழுகிறது. இந்நிகழ்வு அங்குள்ள விலங்கு மிதவை உயிரிகளின் சமுதாயத்தை எவ்வாறு மாற்றுகிறது என்னும் வினா ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக ஆராயப்பட்டு வருகிறது. மீனின் இரைப்பையில் கண்ட இரையாகவும், வலையில் சேர்ந்த கன அளவாகவும், பெயரிட்டு எண்ணப்பட்ட இனங்களாகவும் இவ்வுயிரிகள் வெவ்வேறு காலங்களில் மூன்று முறைகளில் அளக்கப்பட்டன. ஒவ்வொரு முறையும் மேலெழும் நீரின் விளைவைப் பற்றி வேறொரு முடிவைத் தந்தது. இம்முடிவுகள் முரணாகத் தோன்றுவதற்குக் கடலின் இயல்பைக் காட்டிலும் அளவிட்ட முறையே பெரிதும் காரணம் என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது. பழைய பதிவுகளை இன்றைய மீன்வள மதிப்பீட்டுக்குப் பயன்படுத்துவோர் இவ்வேறுபாட்டைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்பதும் வலியுறுத்தப்படுகிறது.

திறவுச் சொற்கள்: மேலெழும் நீர், விலங்கு மிதவை உயிரிகள், கோபிபோடுகள், மத்தி, மலபார்க் கரை, சென்னை மீன்வளத் துறை, பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணம்

முன்னுரை

கடலில் நீரோட்டத்தின் போக்கில் மிதந்து வாழும் உயிர்த்தொகுதிக்கு ‘பிளாங்டன்’ என்னும் பெயரை ஜெர்மானிய உடலியலாளர் விக்டர் ஹென்சன் 1887-இல் வழங்கினார். தமிழில் இதனை மிதவை உயிரிகள் என்கிறோம். ஒளிச்சேர்க்கை செய்பவை தாவர மிதவை உயிரிகள். அவற்றையும் ஒன்றையொன்றும் உண்டு வாழ்பவை விலங்கு மிதவை உயிரிகள். பின்னவற்றுள் கோபிபோடுகள் என்னும் நுண்ணிய ஓட்டுடலிகள் எண்ணிக்கையில் முதலிடம் பெறுகின்றன. கிளாடோசெரன்கள், சால்ப்புகள், டோலியோலிடுகள், அம்புப்புழுக்கள், மீன் முட்டைகள், இளவுயிரிகள் ஆகியனவும் இத்தொகுதியில் அடங்கும்.

மலபார், தென் கன்னடம் ஆகிய மாவட்டங்கள் 1956-ஆம் ஆண்டின் மாநில மறுசீரமைப்பு வரை சென்னையோடு இணைந்திருந்தன. அதனால் அக்கடலைப் பற்றிய தொடக்கக்கால அறிவியல் எழுத்துகளில் பெரும்பகுதி சென்னை அரசின் மீன்வளத் துறை வெளியீடுகளாகவே அமைந்தது. கேரளக் கடலின் உயிரியல் வரலாற்றை எழுதுவோர் சென்னை ஆவணங்களிலிருந்து தொடங்க வேண்டியிருப்பதற்கு இதுவே காரணம்.

மேலெழும் நீர்: நிகழ்வும் இயக்கமும்

வட துருவக் கடலில் பனிப்பாளங்கள் காற்றின் திசைக்கு வலப்புறமாக விலகிச் செல்வதை நான்சென் தமது ‘பிராம்’ கப்பல் பயணத்தில் (1893–1896) கண்டார். அதற்கான கணித விளக்கத்தை எக்மன் அளித்தார். 1905-இல் வெளிவந்த அவரது கட்டுரை, புவிச்சுழற்சியின் விளைவால் மேற்பரப்பு நீரடுக்கின் மொத்த நகர்வு வட அரைக்கோளத்தில் காற்றுக்கு வலப்புறமாக அமையும் என்று காட்டியது. தென்மேற்கு இந்தியக் கரையில் கோடைப் பருவக்காற்றின் ஒரு கூறு கரைக்கு இணையாகத் தெற்கு நோக்கி வீசுகிறது. அதன் வலப்புறம் திறந்த கடல். எனவே மேற்பரப்பு நீர் கரையை விட்டு விலக, அந்த இடத்தை நிரப்ப அடிநீர் ஏறுகிறது. அந்நீர் குளிர்ந்தது, நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகுந்தது, ஆக்சிஜன் குறைந்தது.

இவ்விளக்கம் சரியானதே, ஆயினும் முழுமையானதன்று. காற்று வலுப்பெறுவதற்கு முன்பே அடியில் நீர் ஏறத் தொடங்கிவிடுகிறது. ஜி. எஸ். சர்மா 1960-களில் வெப்பச்சரிவு அடுக்கின் ஆழத்தை மாதந்தோறும் ஒப்பிட்டு, அவ்வடுக்கு கோடையின் தொடக்கத்திலிருந்தே மேல்நோக்கி நகர்வதைச் சுட்டினார். பிற்காலத்தில் மக்ரியரி, குண்டு, மொலினாரி ஆகியோர் 1993-இல் வெளியிட்ட கணித மாதிரி இதற்குத் தொலைக் காரணத்தையும் சேர்த்தது. வங்காள விரிகுடாவில் காற்று எழுப்பும் விளைவுகள் கரையோரக் கெல்வின் அலைகளாக இந்தியாவின் கிழக்குக் கரையைத் தொட்டு, இலங்கையைச் சுற்றி, மேற்குக் கரையை அடைகின்றன. மேலெழுச்சி தெற்கே முன்னதாகத் தொடங்கி வடக்கு நோக்கிப் பரவுவது இதனோடு பொருந்துகிறது. கன்னியாகுமரிக்கும் கொல்லத்துக்கும் அருகே நிகழும் மாற்றத்தின் ஒரு பகுதிக்கான காரணம் தமிழகக் கீழைக்கடலுக்கும் அப்பால் உள்ளது என்பது இதன் பொருள்.

மேற்பரப்பை மட்டும் பார்ப்பவர்க்கு இந்நிகழ்வு எளிதில் புலப்படாது. மேலெழுச்சி நிகழும் அதே மாதங்களில் கனமழை பெய்கிறது. ஆறுகள் நன்னீரைக் கொண்டுவந்து கடலின்மேல் மெல்லிய போர்வையாகப் பரப்புகின்றன. குளிர்ச்சிக்கு மேகமும் மழையும் காரணமா, ஊட்டச்சத்துக்கு ஆறுகள் காரணமா, அன்றி அடிநீர்தான் காரணமா என்பதை மேற்பரப்பு மாதிரிகளைக் கொண்டு மட்டும் பிரித்தறிய இயலாது. பின்வரும் வரலாற்றில் இத்தடை மீண்டும் மீண்டும் எதிர்ப்படும்.

இரைப்பையில் தொடங்கிய ஆய்வு (1908–1945)

சர் பிரெடெரிக் நிக்கல்சன் முன்னின்று நடத்திய மீன்வள விசாரணைகளின் பயனாகச் சென்னை மாகாணத்தில் மீன்வளத் துறை 1907-இல் உருப்பெற்றது. இலங்கையில் முத்துக்குளிப்பு ஆய்வுகளில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் அத்துறைக்கு வந்து, 1908-இல் மலபார்க் கரையிலும் இலட்சத்தீவுப் பகுதியிலும் ஆய்வுப் பயணம் மேற்கொண்டார். அதன் அறிக்கை 1910-இல் வெளியாயிற்று. மலபார்க் கடலில் மீன்கள் பெருமளவில் மடிந்தமைக்கு நீரில் பெருகிய ஒருசெல் உயிரி காரணம் என்று 1917-இல் அவர் எழுதினார். மீனின் விதியை மீனுக்கு அப்பாற்பட்ட நுண்ணுயிர்களில் தேடும் போக்கு இவ்வாறு தொடங்கியது.

ஹார்னெலும் எம். ராமசாமி நாயுடுவும் இணைந்து 1923-இல் சென்னை மீன்வள இதழில் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் அடித்தளம் எனலாம். மத்தி மீனின் வாழ்க்கை வரலாறும் மலபார்க் கரையின் மிதவை உயிரிகள் பற்றிய குறிப்புகளும் ஒரே கட்டுரையில் இடம்பெற்றமை தற்செயலானதன்று. மத்தி செவுள்முட்களால் நீரை வடிகட்டி உண்ணும் மீன். அதன் இரைப்பையைத் திறந்தால் டயாட்டம்களும் கோபிபோடுகளும் கிடைக்கும். கப்பலும் ஆழ்நீர் வலையும் அரிதாக இருந்த காலத்தில், கடலெங்கும் திரிந்து மாதிரி சேர்க்கும் கருவியாக மீனே பயன்பட்டது.

இம்முறைக்கு ஒரு வரம்பு உண்டு. இரைப்பை கடலின் நேரடிப் படியன்று. செவுள்முட்களின் இடைவெளி தடுத்து நிறுத்தியவையே அதில் சேரும். ஓடு இல்லாத மென்னுடலிகள் விரைவில் செரித்து மறையும். மேலெழும் நீர்க் காலத்தில் பெருகும் சால்ப்புகளும் டோலியோலிடுகளும் அத்தகைய மென்னுடலிகள். ஆகவே இரைப்பை ஆய்வு, மத்திக்குப் பயன்பட்ட கடலைக் காட்டியதேயன்றி, மேலெழும் நீர் உருவாக்கிய சமுதாயத்தை முழுமையாகக் காட்டவில்லை.

இதே காலத்தில் கல்கத்தாவில் வேறொரு மரபு வளர்ந்தது. ‘இன்வெஸ்டிகேட்டர்’ கப்பலில் பணியாற்றிய செய்மோர் சீவெல், இந்தியக் கடல்களின் கோபிபோடுகளைப் பற்றிய விரிவான வகைப்பாட்டு நூலை 1929-இலும் 1932-இலும் இந்திய அருங்காட்சியக வெளியீடாக அளித்தார். 1933–34-இல் ‘மபாஹிஸ்’ கப்பலில் நடந்த ஜான் மர்ரே ஆய்வுப் பயணத்திற்கும் அவரே தலைமை ஏற்றார். அப்பயணம் அரபிக்கடலின் இடையாழத்தில் ஆக்சிஜன் மிகக் குறைந்த அடுக்கு பரந்திருப்பதைப் பதிவுசெய்தது. சீவெலின் மரபு இனங்களைத் துல்லியமாக அறிந்திருந்தது. ஆனால் ஒரே இடத்தில் மாதந்தோறும் நிகழும் மாற்றத்தைத் தொடர்வது அதன் நோக்கமன்று. சென்னை மரபு பருவங்களை அறிந்திருந்தது. ஆயினும் பெரும்பாலும் ‘கோபிபோடுகள்’ என்ற பொதுப்பெயரோடு நின்றது. இவ்விரு மரபுகளும் நெருங்கி வரப் பல பத்தாண்டுகள் ஆயின.

அளவிடும் முறை வாழ்க்கையோடு நேரடியாகத் தொடர்புகொண்ட தருணம் 1940-களில் வந்தது. மத்தி வரத்து வெகுவாகச் சரிந்தது. டி. டபிள்யூ. தேவநேசன் 1943-இல் வெளியிட்ட ஆய்வு இளமீன்களும் சினைமீன்களும் மிகையாகப் பிடிக்கப்படுவதை முதன்மைக் காரணமாகக் கருதியது. அவ்வாண்டிலேயே சென்னை அரசு சில வலைகளின் பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடு விதித்தது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின், கே. சிதம்பரமும் எம். தேவிதாஸ் மேனனும் மேற்குக் கரை மீன்பிடிப்பை மிதவை உயிரிகளோடும் கடலியல் காரணிகளோடும் ஒப்பிட்டு எழுதினர். குறைவுக்கு வலை காரணமா, கடல் காரணமா என்ற வினா இவ்வாறு இருமுனைப்பட்டது. இதற்கான விடை மீனவர் எந்த வலையை வீசலாம் என்பதைத் தீர்மானிக்கக்கூடியதாக இருந்தது. ஆனால் மேலெழும் நீரின் ஆண்டுதோறும் மாறும் வலிமையை அளப்பதற்கான நீண்ட காலத் தரவுகள் அன்று எவரிடமும் இல்லை.

அடிநீரின் சான்று (1947–1960)

நடுவண் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947-இல் சென்னையில் தொடங்கப்பட்டு, 1949-இல் மண்டபத்துக்கு மாறியது. அதன் கோழிக்கோடு கிளை மலபார் ஆய்வைத் தொடர்ந்தது. பி. சி. ஜார்ஜ் 1953-இல் கோழிக்கோட்டுக் கரையோர மிதவை உயிரிகளை நீரியல் நிலைகளோடு சேர்த்து விவரித்தார். ஆர். சுப்பிரமணியன் 1959-இல் மேற்குக் கரைத் தாவர மிதவை உயிரிகளின் பருவச் சுழற்சியை ஆராய்ந்து, அவற்றின் பெருக்கம் தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் உச்சமடைவதை உறுதிசெய்தார்.

இப்பெருக்கத்தை அடிநீரோடு இணைத்துக் காண உதவியவர்களுள் ஜெர்மானியக் கடலியலாளர் கார்ல் பான்சே குறிப்பிடத்தக்கவர். கொச்சியில் தங்கி ஆராய்ந்த அவர், 1959-இல் வெளியிட்ட கட்டுரையில் மேலெழும் நீரையும் இழுவலை மீன்பிடிப்பையும் ஒருங்கே வைத்து நோக்கினார். கோடைப் பருவக்காற்றுக் காலத்தில் கண்டத்திட்டின் அடியில் ஆக்சிஜன் குறைந்த குளிர்நீர் பரவும்போது, தரைவாழ் மீன்கள் அவ்விடத்தை விட்டு அகல்கின்றன என்று அவர் விளக்கினார். மேலெழும் நீர் வளத்தை மட்டும் கொணர்வதில்லை, வாழிடத்தைச் சுருக்கவும் செய்கிறது என்பது இதனால் தெளிவாயிற்று.

விலங்கு மிதவை உயிரிகளைப் பொறுத்தவரை இது முக்கியமான கருத்து. அவற்றுள் பல, பகலில் ஆழத்துக்கு இறங்கி இரவில் மேலேறும் இயல்புடையவை. ஆக்சிஜன் குறைந்த நீர் மேற்பரப்பை நெருங்கும்போது, அந்நிலையைத் தாங்காத இனங்கள் மெல்லிய மேலடுக்கில் ஒடுங்குகின்றன. அதே ஒளிமிக்க அடுக்கில்தான் டயாட்டம்களும் பெருகுகின்றன. அவற்றைத் தேடி மீன்களும் அங்கேயே கூடுகின்றன. உணவும் இடரும் ஒரே இடத்தில் அமைந்துவிடுகின்றன.

கன அளவின் காலம் (1959–1970)

பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணம் 1959 முதல் 1965 வரை நடைபெற்றது. பல நாட்டுக் கப்பல்கள் சேகரிக்கும் மாதிரிகளை ஒப்பிட வேண்டுமானால் அனைவரும் ஒரே வகை வலையைப் பயன்படுத்த வேண்டும். இதற்கென ரொனால்டு கரீ வடிவமைத்த ‘இந்தியப் பெருங்கடல் தர வலை’ 1 சதுர மீட்டர் வாயும் ஏறத்தாழ 0.33 மில்லிமீட்டர் கண்ணளவும் கொண்டது. அதனை 200 மீட்டர் ஆழத்திலிருந்து மேற்பரப்புவரை செங்குத்தாக இழுப்பது விதி. மாதிரிகளை இனவாரியாகப் பிரிக்க, இந்தியப் பெருங்கடல் உயிரியல் மையம் கொச்சியில் நிறுவப்பட்டது; டென்மார்க்கைச் சேர்ந்த வாகன் ஹான்சென் யுனெஸ்கோ சார்பில் அதன் காப்பாளராகப் பொறுப்பேற்றார். ஏறத்தாழ 2,000 தர மாதிரிகள் அங்கு வந்துசேர்ந்தன. இந்தியப் பங்களிப்பை வழிநடத்திய என். கே. பணிக்கர், 1966-இல் தோன்றிய தேசியக் கடலியல் நிறுவனத்தின் முதல் இயக்குநரானார்.

இம்மையம் வெளியிட்ட நிலப்பட ஏடுகள் விலங்கு மிதவை உயிரிகளின் கன அளவைப் பெருங்கடல் முழுவதற்கும் முதன்முறையாக ஒரே அளவுகோலில் காட்டின. சோமாலியா, அரேபியா, தென்மேற்கு இந்தியா ஆகிய மேலெழும் நீர்ப் பகுதிகள் அவற்றில் செழுமையான இடங்களாகத் தெரிந்தன. பயணத்தின் பெரும் வெற்றி இது.

ஆனால் தரப்படுத்தல் சிலவற்றை மறைத்தது. முதலாவதாக, 200 மீட்டர் இழுவை ஆழ்கடலுக்கு ஏற்றது. மேலெழும் நீரின் விளைவு மிகுதியாகத் தோன்றும் கண்டத்திட்டின் பெரும்பகுதியில் அந்த ஆழமே இல்லை. இரண்டாவதாக, 0.33 மில்லிமீட்டர் கண் வழியே கோபிபோடுகளின் இளநிலைகளும் ஒய்த்தோனா போன்ற சிற்றினங்களும் நழுவிவிடும். டயாட்டம் பெருக்கத்துக்கு விரைந்து எதிர்வினை காட்டுவது அவ்விளநிலைகளே. மூன்றாவதாக, ஏடுகள் ஆண்டை ஏப்ரல் நடுப்பகுதி, அக்டோபர் நடுப்பகுதி என்னும் எல்லைகளால் இரு பாதிகளாகப் பகுத்தன. மேலெழுச்சியின் தொடக்கம், உச்சம், தணிவு ஆகிய மூன்றும் ஒரே பாதிக்குள் அடங்கி ஒன்றாகக் கலந்துவிட்டன. நான்காவதாக, கன அளவு என்பது நீரில் அமிழ்த்தினால் இடம்பெயரும் நீரின் அளவு. நீர்ச்சத்து மிகுந்த ஒரு சால்ப்பும் கொழுப்பு நிறைந்த பல கோபிபோடுகளும் அவ்வளவில் சமமாகலாம். மீனுக்குக் கிடைக்கும் ஊட்டத்தில் அவை சமமல்ல.

இனங்களை நோக்கித் திரும்புதல் (1970–1996)

கொச்சியில் 1971-இல் தொடங்கிய ஐ.நா. மேற்பரப்பு மீன்வளத் திட்டம் ‘ராஸ்ட்ரெல்லிகர்’, ‘சார்டினெல்லா’ ஆகிய ஆய்வுக் கப்பல்களைக் கொண்டு ஒரே வெட்டுக்கோடுகளில் ஆண்டின் எல்லாப் பருவங்களிலும் அளவீடு செய்தது. பருவக்காற்று மாதங்களையும் தவறவிடாத இத்தொடர்ச்சி மேலெழுச்சியின் காலவரிசையைத் தெளிவாக்கியது. லாங்ஹர்ஸ்ட், ஊஸ்டர் ஆகியோர் 1990-இல் கொச்சிக் கடல் மட்டப் பதிவுகளைக் கொண்டு மேலெழுச்சியின் வலிமையையும் மத்தி வரத்தையும் ஒப்பிட்டனர். அடிநீர் ஏறும்போது கரையோரக் கடல் மட்டம் தாழும் என்பதால், துறைமுக அளவுகோல் ஒன்று கடலடி நிகழ்வின் நீண்ட காலச் சாட்சியாக மாறியது. 1943-இல் இல்லாத தரவு இவ்வாறு வேறொரு வழியில் கிடைத்தது.

இனவாரி ஆய்வுகள் கரையோரச் சமுதாயத்தின் வரிசைமுறையை வெளிப்படுத்தின. மேலெழும் நீர்க் காலத்தில் சில இனங்கள் மட்டும் பெருகி ஆதிக்கம் பெறுகின்றன, பன்மை குறைகிறது. பெனிலியா, எவாட்னி ஆகிய கிளாடோசெரன்கள் கலவியின்றியே பெருகுவதால் சில நாட்களில் திரள்களாகின்றன. நிலை மாறும்போது உறங்கு முட்டைகளை இட்டு மறைகின்றன. டோலியோலிடுகள் அரும்புதல் வழியாகப் பெருகுகின்றன. கோபிபோடுகளுள் டெமோரா போன்ற தாவர உண்ணிகள் முன்னிலை பெறுகின்றன. மேலெழுச்சி தணிந்தபின் அம்புப்புழுக்களும் ஊனுண்ணிக் கோபிபோடுகளும் கூடி, சமுதாயம் மீண்டும் பன்மை பெறுகிறது.

சோமாலியக் கரையின் நிலை வேறு. அங்கு கலனாய்டிஸ் என்னும் கோபிபோடு, மேலெழுச்சி இல்லாத மாதங்களைப் பல நூறு மீட்டர் ஆழத்தில் இளநிலையில் உறக்கத்தில் கழித்து, பருவக்காற்றுக் காலத்தில் மேலேறி இனப்பெருக்கம் செய்கிறது. அதன் வாழ்க்கைச் சுழற்சியே மேலெழும் நீரோடு பிணைந்தது. மலபார்க் கண்டத்திட்டில் மேலோங்குபவை பெரும்பாலும் ஆண்டு முழுவதும் அங்கிருந்து, வாய்ப்பு வரும்போது விரைந்து பெருகும் இனங்கள். ‘செழுமையான பகுதிகள்’ என்று நிலப்பட ஏட்டில் ஒரே வண்ணம் பெற்ற இரு கரைகளும் உயிரியல் முறையில் இவ்வாறு வேறுபடுகின்றன.

எம். மதுப்பிரதாப்பும் உடன் ஆய்வாளர்களும் 1990-களில் எழுப்பிய புதிர் இவ்வரலாற்றின் திருப்புமுனை. அரபிக்கடலின் கலப்பு அடுக்கில் விலங்கு மிதவை உயிரிகளின் மொத்த அளவு பருவத்துக்குப் பருவம் பெரிதும் மாறவில்லை என்று அவர்கள் காட்டினர். தாவர உற்பத்தி ஏறி இறங்க, அதனை உண்பவற்றின் அளவு மட்டும் நிலையாக இருப்பது எவ்வாறு? 1996-இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த கட்டுரை இதற்கு விளக்கம் அளித்தது. குளிர்காலத்தில் வடபகுதி நீர் குளிர்ந்து கலப்பதால் அப்பருவத்திலும் உற்பத்தி உண்டு. உற்பத்தி குன்றிய மாதங்களில் பாக்டீரியாக்களும் ஒருசெல் விலங்குகளும் அடங்கிய நுண்ணுயிர் வளையம் விலங்கு மிதவை உயிரிகளைத் தாங்குகிறது. இப்புதிர் திறந்த கடலுக்குரியது; கண்டத்திட்டின் பருவ மாற்றத்தை அது மறுக்கவில்லை. மொத்த அளவு நிலையாக இருப்பினும் அதனுள் இடம்பெறும் இனங்களும் அவற்றின் உணவு வழியும் மாறக்கூடும் என்பதே இதிலிருந்து பெறத்தக்க பாடம்.

பழைய பதிவுகளைப் படிக்கும் முறை

மேற்கண்ட வரலாறு ஆய்வாளர்க்கு மூன்று எச்சரிக்கைகளைத் தருகிறது. இரைப்பை ஆய்வில் ஓர் இனம் காணப்படாமை அது கடலில் இல்லாமைக்குச் சான்றாகாது. ஆறு மாதச் சராசரியைக் கொண்டு மேலெழுச்சியின் விளைவை மதிப்பிட இயலாது. கண்ணளவும் ஆழமும் வேறுபட்ட இரு வலைகளின் கன அளவுகளைத் திருத்தமின்றி ஒப்பிட்டு, மிதவை உயிரிகள் குறைந்துள்ளன என்றோ பெருகியுள்ளன என்றோ கூற இயலாது.

இவை ஏட்டளவிலான நுட்பங்கள் அல்ல. கேரளத்தில் 2012-இல் ஏறத்தாழ 4 லட்சம் டன்னாக இருந்த மத்தி வரத்து, 2021-இல் சில ஆயிரம் டன்னாகச் சுருங்கியது. வலை காரணமா, கடல் காரணமா என்ற 1943-ஆம் ஆண்டின் வினா மீண்டும் எழுந்துள்ளது. கண்டத்திட்டில் கோடைக்கால ஆக்சிஜன் பற்றாக்குறை தீவிரமடைந்திருப்பதை நக்வியும் உடன் ஆய்வாளர்களும் 2000-இல் சுட்டிக்காட்டினர். இம்மாற்றம் மத்தியின் இரையாகும் இனங்களைப் பாதித்ததா என்று அறிய, முன்பு எவ்வினங்கள் எந்த மாதத்தில் இருந்தன என்பது தெரிய வேண்டும். கன அளவு மட்டும் எழுதப்பட்ட பதிவால் அதற்கு விடை தர இயலாது. பாதுகாக்கப்பட்ட மாதிரிப் புட்டியால் இயலும். பன்னாட்டுப் பயணத்தில் சேகரித்துப் பிரித்த உயிரிகள் கொச்சியில் தேசியக் கடலியல் நிறுவனத்தின் மண்டல மையத்தில் இன்றும் வைக்கப்பட்டுள்ளன. அவற்றின் பயன் இன்னும் தீர்ந்துவிடவில்லை.

முடிவுரை

மலபார்க் கடலில் மேலெழும் நீர் விலங்கு மிதவை உயிரிகளின் அளவை மாற்றுவதோடு நிற்பதில்லை. எவை பெருக வேண்டும், எவை ஒடுங்க வேண்டும், எந்த வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக வர வேண்டும் என்பதையும் அது தீர்மானிக்கிறது. இவ்வுண்மை புலப்பட நீண்ட காலம் ஆனமைக்கு ஆய்வாளர்களின் திறக்குறைவு காரணமன்று; ஒவ்வொரு தலைமுறையும் தன் கையிலிருந்த கருவியால் காணக்கூடியதைக் கண்டது. சென்னை மீன்வளத் துறையினர் உணவைக் கண்டனர். பன்னாட்டுப் பயணத்தினர் பரப்பைக் கண்டனர். பின்வந்தோர் இனங்களின் வரிசையைக் கண்டனர். ஒன்றின் எண்களை மற்றொன்றின் வினாவுக்கு விடையாக எடுத்துக்கொள்ளும்போதுதான் பிழை நேர்கிறது. எந்த வலை, எந்த ஆழம், எந்த மாதம் என்னும் மூன்று குறிப்புகளையும் எண்ணோடு சேர்த்துப் படிப்பதும், இனி எழுதும் பதிவுகளில் இனப் பெயர்களை விடாது குறிப்பதும் இத்துறை ஆய்வாளரின் கடமையாகும்.